பல தட்டுகள், ஒரு பெட்டகம்



யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே பெட்டகம் என்றொரு பொருள் இருந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். கனமான மரத்தினாலே செய்யப்பட்டு, இருவர் கூடினாலன்றி அசைக்க இயலாத பாரத்துடன், நடு அறையிலே அது வீற்றிருக்கும். காணி உறுதியும், பிள்ளைகளின் சாதகக் குறிப்பும், கூறைச்சேலையும், பாட்டனார் காலத்து ஏட்டுச்சுவடியும் அதனுள்ளே ஒருங்கே உறங்கும். பெட்டகம் நிரம்பிவிட்டால் அதற்குப் பக்கத்திலே ஒரு றங்குப்பெட்டி வரும். அதுவும் நிரம்பினால் இன்னொன்று. பொருள்கள் பெருகப் பெருகப் பெட்டிகளும் பெருகும். எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் என்பது வீட்டு மூதாட்டிக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாக இருக்கும்.

இன்று நம் வீடுகளிலே வேறொரு பெட்டகம் வந்திருக்கின்றது. அளவிலே ஒரு றாத்தல் பாணிலும் சிறிது பெரியதாயிருக்கும். அதனுள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள். இணைய இணைப்புத் தரும் கருவியோடு ஒரு கம்பியினாலே தொடுத்து வைத்துவிட்டால், வீட்டிலுள்ள கணினியும் கைத்தொலைபேசியும் தத்தம் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் அதிலே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். வலையமைப்புச் சேமிப்பகம் என்று இதனைச் சொல்வர். கனடாவிலுள்ள மகளின் கலியாண வீடியோ, பேரப்பிள்ளையின் முதற் பிறந்தநாள், தம்பி அனுப்பிய பழைய படங்கள் என்று இரண்டொரு ஆண்டிலே இதுவும் நிரம்பிவிடும். அப்போது பழைய கேள்வியே மறுபடியும் எழுகின்றது. நிரம்பிய பெட்டிக்குப் பக்கத்திலே இன்னொன்றை வைப்பதா? அல்லது எல்லாப் பெட்டிகளையும் இணைத்து ஒரே பெரும் பெட்டகமாக ஆக்கிக்கொள்வதா? இரண்டாவது வழிக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாமலே அவ்வழியிற் போய் இழப்பையும் கண்டவன் நான். ஆகையினாலேயே இன்று இப்பொருள் பற்றிப் பேச வந்தேன்.

கணினிக்கென்று முதன்முதல் விற்பனைக்கு வந்த வன்தட்டுத் தொகுதி 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட றமக் என்பதாகும். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓர் அலுமாரியிலும் பெரிதான கூட்டினுள்ளே சுழலவிட்டனர். அதன் நிறை ஒரு தொன்னுக்கு மேல். அத்தனை ஆரவாரத்துக்கும் அது தாங்கிய எழுத்துகள் ஏறத்தாழ 50 இலட்சமே. இன்று கைத்தொலைபேசியிலே எடுக்கும் ஒரு நல்ல நிழற்படம் அவ்வளவு இடத்தைத் தனித்தே விழுங்கிவிடும். ஆயினும் பல தட்டுகளைச் சேர்த்து ஒரே களஞ்சியமாகப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் அப்பொழுதே அங்கு இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த எண்ணத்துக்கு இலக்கணம் வகுக்கப்பட்டது 1988ஆம் ஆண்டிலே. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேர்க்லி வளாகத்திலே டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கட்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். அக்காலத்திலே பெருங்கணினிகளுக்கென்று செய்யப்பட்ட பெரிய வன்தட்டுகள் மிகுந்த விலையின; சிறு கணினிகளுக்கு வந்த சிறிய தட்டுகளோ மலிவானவை. விலையுயர்ந்த ஒன்றுக்குப் பதிலாக மலிவான பலவற்றைக் கூட்டினால் என்ன என்பது அவர்கள் கேட்ட வினா. இக்கூட்டுக்கு அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து றெயிட் என்றாயின. அப்பெயரிலே ‘மலிவான’ என்ற சொல்லும் இருந்தது. விற்போருக்கு அச்சொல் உவப்பாயிருக்கவில்லை போலும். பிற்காலத்திலே அதனை நீக்கி ‘தனித்தனியான’ என்னும் பொருள்படும் சொல்லை அவ்விடத்திற் புகுத்தினர்.

அம்மூவரின் பெருமை பல தட்டுகளைக் கூட்டச் சொன்னதிலே இல்லை. கூட்டினால் வரும் கேட்டினையும் கூறி, அதற்கு மாற்றையும் வகுத்ததிலேயே அது இருக்கின்றது. ஓராண்டிலே 20 தட்டுகளில் ஒன்று பழுதாகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு தட்டு இருந்தால் இழப்புக்குரிய வாய்ப்பு இருபதில் ஒன்று. நான்கு தட்டுகளைக் காப்பு எதுவுமின்றி ஒன்றாகக் கோத்து, நான்கும் நலமாயிருந்தாலன்றிக் களஞ்சியம் திறவாது என்ற நிலையை உண்டாக்கினால், அவ்வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகி விடும். இடம் நான்கு மடங்காயிற்று; ஆபத்தும் அதற்குச் சற்றுக் குறைய நான்கு மடங்காயிற்று.

இதற்கு மாற்று இரண்டு. முதலாவது, ஒன்றிலே எழுதுவதை அப்படியே மற்றொன்றிலும் எழுதிவைத்தல். இதனைக் கண்ணாடிப் படிவம் என்று கூறலாம். பாதுகாப்பு உண்டு, ஆனால் இரண்டு தட்டு வாங்கி ஒரு தட்டின் இடத்தையே பெறுகின்றோம். இரண்டாவது வழியிலே சிறிது கணிதம் கலந்திருக்கின்றது. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் விதத்திலேயே அதனைச் சொல்லுகின்றேன். ஒரு வீட்டிலே 4 என்ற எண்ணையும், அடுத்த வீட்டிலே 7 என்ற எண்ணையும் எழுதி வையுங்கள். மூன்றாம் வீட்டிலே இரண்டின் கூட்டுத்தொகையாகிய 11ஐ எழுதி வையுங்கள். எந்த ஒரு வீடு எரிந்தாலும் மற்றை இரண்டையும் கொண்டு எரிந்ததிலே இருந்த எண்ணைக் கண்டுகொள்ளலாம் அல்லவா? கணினி செய்வது ஏறக்குறைய இதுவே. கூட்டலுக்குப் பதிலாக ஒற்றை, இரட்டைக் கணக்கை அது பார்க்கின்றது. இவ்வகையிலே 4 தெராபைற்றுத் தட்டுகள் நான்கைக் கூட்டினால் 12 தெராபைற்று இடம் கிடைக்கும். நாலாவதன் அளவு காவலுக்குப் போய்விடும். இரண்டு வீடுகள் ஒருங்கே எரிந்தால் கணக்கும் உதவாது.

பல்கலைக்கழகத்துக்கும் வங்கிக்கும் உரியதாயிருந்த இந்த வித்தை சாதாரண வீடுகளுக்கு வர இருபது ஆண்டுகள் சென்றன. 2007ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட் நிறுவனம் வீட்டுக்கென்றே ஒரு சேமிப்பக மென்பொருளை வெளியிட்டது. அதன் சிறப்பு யாதெனின், வெவ்வேறு அளவுள்ள பழைய தட்டுகளை இருந்தபடியே சேர்த்து ஒரே களஞ்சியமாகக் காட்டியமை. வேண்டிய கோப்புறைகளுக்கு மாத்திரம் இரட்டைப் பிரதி வைக்கும் வசதியும் அதில் இருந்தது. கைக்கு வந்ததைக் கொண்டு காலங் கழிக்கும் நம்மைப் போன்றோருக்கு இதைவிட இனிய செய்தி வேறில்லை. ஆனால் தொடக்கத்திலேயே அதிலே ஒரு குறை வெளிப்பட்டது. சில வேளைகளில் கோப்புகள் சிதைந்தன. அதனைத் திருத்த 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை சென்றது. பின்னர் 2010 நவெம்பரிலே, தட்டுகளைச் சேர்க்கும் அந்த வசதியையே அடுத்த பதிப்பிலிருந்து நீக்கிவிடப் போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பயன்படுத்தியோர் எழுப்பிய கூக்குரல் பெரிது, முடிவு மாறவில்லை. அதே 2007இலே வந்த துறோபோ என்னும் பெட்டியும் எத்தகைய தட்டுகளையும் ஏற்றுக்கொண்டு பலருடைய அன்பைப் பெற்றது. 2022இலே அதன் நிறுவனம் கடனிறுக்க இயலாமல் நீதிமன்றம் சென்றது. அடுத்த ஆண்டு கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. அப்பெட்டி எழுதிவைத்த முறையை மற்றைக் கணினிகள் படிக்கமாட்டா. பெட்டகத்தின் திறப்பைச் செய்த தச்சனே வைத்துக்கொண்டு, அவனும் ஊரைவிட்டுப் போனாற் போன்ற நிலைமை அது.

இனி என் கதைக்கு வருகின்றேன். நான் அதிபராயிருக்கும் பாடசாலையின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், சேர்வு இடாப்புகள், பரிசளிப்பு விழா நிழற்படங்கள் ஆகியவற்றைச் சில ஆண்டுகளாக மாலை வேளைகளிலே வருடியில் இட்டுப் படியெடுத்து வந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரைப் பேசவைத்து ஒலிப்பதிவும் செய்தேன். ஒரு தெராபைற்றுத் தட்டு நிரம்பியது. பட்டினத்திலே கணினி திருத்தும் ஓர் இளைஞர், என் பழைய மாணவருமாவார், வீட்டுக்கு வந்து பார்த்தார். “சேர், இதே அளவிலை இன்னொரு தட்டுப் போட்டு ரெண்டையும் ஒண்டாக்கி விட்டால் உங்களுக்கு இடமும் காணும், வேகமும் கூடும்” என்றார். “செய், தம்பி” என்றேன். எத்தகைய முறையிலே ஒன்றாக்குகின்றார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குற்றம் பாதிக்கு மேல் என்னுடையது. கேள்வி கேட்கவேண்டும் என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றவன் அல்லவா நான்!

அவர் கோத்த முறை, காவலற்ற முறை. ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக்கப்பட்டு, ஒரு துண்டு முதலாந் தட்டிலும் அடுத்த துண்டு இரண்டாந் தட்டிலுமாக மாறி மாறி எழுதப்பட்டது. ஒரு சுவடியின் ஒற்றைப்பட ஏடுகளை ஒரு வீட்டிலும் இரட்டைப்பட ஏடுகளை மறு வீட்டிலும் வைப்பது போன்றது இது. இரண்டு ஆண்டுகள் குறையின்றி ஓடியது. ஒரு கார்த்திகை மாதத்து மாரியிலே, இடியும் மின்வெட்டும் மாறி மாறி வந்த இரவொன்றின் பின், பெட்டிக்குள்ளிருந்து பல்லி சொல்லுவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தத் தட்டு ஒன்றே போனது. மற்றது இன்றும் நலமாக இருக்கின்றது. ஆனால் அதிலே இருப்பவை ஒற்றைப்பட ஏடுகள். கொழும்பிலே மீட்டெடுப்போர் கேட்ட கூலி என் மாதச் சம்பளத்திலும் மிகுதி. கொடுக்க முன்வந்தேன். தட்டின் முகமே உராய்ந்துவிட்டதென்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சம்பவத் திரட்டுகளின் மூலப்பிரதிகள் பாடசாலையிலே இருந்தன, மறுபடியும் வருடினேன். நிழற்படங்களிலே பாதியளவு, நான் முன்பு அனுப்பிவைத்திருந்த பழைய மாணவர் ஒருவரிடமிருந்து ரொறன்ரோவிலிருந்து திரும்பி வந்தன. ஒலிப்பதிவுகள் வரவில்லை. அவற்றிலே பேசிய மூவரில் இருவர் அதற்கிடையிலே காலமாகியிருந்தனர்.

இந்த இழப்பின் பின்னர்தான், யாழ்ப்பாணத்து வரலாற்றிலே நான் பல முறை வகுப்பிற் சொல்லிக்கொடுத்த ஒரு நிகழ்ச்சியை வேறொரு கண்கொண்டு பார்த்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகம் எவ்வாறு தோன்றியது? 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் தம் வீட்டிலே இருந்த நூல்களைப் பிறருக்கு இரவல் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆவணியிலே ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையிலே 844 நூல்களுடன் அது நூலகமாயிற்று. 1959 ஒக்டோபர் 11ஆம் நாள் புதிய மாளிகை திறக்கப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வடிவம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் கிடைத்தது. பின்னர் அறிஞர் பலர் தம் வாழ்நாளெல்லாம் தேடிய தனிச் சேகரங்களும், பல வீட்டுப் பெட்டகங்களிலே இருந்த ஏட்டுச்சுவடிகளும் அங்கு வந்து சேர்ந்தன. பல சிறு களஞ்சியங்கள் கூடி ஒரு பெருங் களஞ்சியமாயின. மாணவனாகிய ஒருவன் ஊர் ஊராக அலையாமல் ஒரே கூரையின் கீழ் அனைத்தையும் காணலாம் என்ற நிலை வந்தது. அது பெரும் பேறுதான். 1981 மே 31ஆம் நாள் இரவு அம்மாளிகை தீக்கிரையாக்கப்பட்டபோது, அந்தக் கூட்டினுள்ளே இருந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒருங்கே சாம்பராயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலே பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் நீத்த செய்தியை யாழ்ப்பாணம் மறவாது. ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் அந்நாட்களிலேயே எரிந்தது.

எரித்தவர் குற்றத்தை இதனாற் குறைத்துச் சொல்லுகின்றேன் என்று எவரும் கொள்ளவேண்டாம். நான் கேட்பது வேறொன்று. எவை திரும்பி வந்தன, எவை வரவில்லை? அச்சிலே வந்து வேறிடங்களிலும் பிரதி இருந்த நூல்கள் மீண்டன. யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்திலே இயற்றிய அந்நூலை 1879இலேயே பிறிற்றோ என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார், தமிழிலும் அச்சேறியது. ஆகவே நூலகத்திலிருந்த பிரதி எரிந்தும் நூல் அழியவில்லை. 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியும் அரசிடம் ஒப்படைக்கப்படவேண்டும். கொழும்பு நூதனசாலை நூலகத்துக்கு அவ்வகையிலே சென்ற யாழ்ப்பாணத்து நூல்கள் பல. குடியேற்ற அரசு தன் கண்காணிப்புக்கென்று செய்த சட்டமே பிற்காலத்திலே காப்பாக நின்றது வியப்புக்குரியது. ஒரே பிரதியாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் மாத்திரம் போனவை போனவையே.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை நூறாண்டுக்கு முன்னர் காண்கின்றோம். சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பிக்க ஏடு தேடியபோது, எந்தப் பெருநூலகமும் அவருக்கு அவற்றை முழுமையாய் எடுத்துக் கொடுக்கவில்லை. ஏடுகள் பல ஊர்களிலே, பல வீடுகளிலே சிதறிக் கிடந்தன. ஒன்றிலே முதல் இல்லை. ஒன்றிலே ஈறு இல்லை. ஒன்றைச் செல் அரித்திருந்தது. தொட்டாலே உதிரும் அவற்றின் நிலையைத் தம் பதிப்புரையிலே அவர் உளம் நொந்து எழுதியிருக்கின்றார். ஆயினும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப, பாடபேதங்களை ஒப்புநோக்கி, நூலை முழுவுருவிலே தந்தார். சிதறிக் கிடந்தமை அவருக்குத் தொல்லையாய் இருந்தது. நூலுக்கோ அதுவே உயிராய் இருந்தது. பிரதிகள் ஒன்றுக்கொன்று தெரியாத வீடுகளிலே இருந்தமையாலே எந்த ஒரு தீயும், எந்த ஒரு வெள்ளமும் அத்தனையையும் தொடமுடியவில்லை.

ஏட்டைப் படியெடுப்போர் நூலின் முடிவிலே பாட்டுத்தொகையைக் குறித்துவைக்கும் வழக்கமும் இவ்விடத்திலே நினைக்கத்தக்கது. தொகை குறைந்தால் ஏதோ விடுபட்டது என்று அறியலாம். 2005ஆம் ஆண்டிலே சன் நிறுவனம் வெளியிட்ட செற்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமை இதனையே வேறு வகையிற் செய்கின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொகையைக் கணித்து வேறாக வைத்து, படிக்கும்போதெல்லாம் சரிபார்த்து, இரு பிரதிகளிலே எது பழுது என்பதைத் தானே கண்டு திருத்துகின்றது. வெறுங் கண்ணாடிப் படிவத்துக்கு இந்த அறிவு இல்லை. இரு பிரதிகள் முரண்பட்டால் எதை நம்புவது என்று அது விழிக்கும்.

தட்டுகளைக் கூட்டுவதும் பிரதி வைப்பதும் ஒன்றென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கண்ணாடிப் படிவமாயினும், கூட்டுத்தொகைக் காவலாயினும், அது தட்டுப் பழுதொன்றுக்கே மருந்து. தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரு தட்டிலும் ஒரே கணத்திலே அது அழியும். கள்வன் பெட்டியோடு தூக்கிச் சென்றால் நான்கு தட்டும் சேர்ந்தே செல்லும். 2022 ஜனவரியிலே டெட்போல்ட் என்னும் கப்பம் கேட்கும் நச்சுநிரல் உலகெங்கும் கியூநப் என்னும் நிறுவனத்தின் சேமிப்பகப் பெட்டிகள் பலவற்றினுள்ளே இணையவழியாகப் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. எத்தனை தட்டுகளைக் கூட்டி வைத்திருந்தாலும் பயன் இருக்கவில்லை. மேலும், ஒரே நாளிலே ஒரே கடையில் வாங்கிய தட்டுகள் ஒரே வயதின. ஒன்று பழுதாகிப் புதியதை இட்டதும், இழந்ததை மீளக் கணிக்க மற்றவை பல மணி நேரம் ஓயாமல் உழைக்கவேண்டும். அந்த வேளையிலே இன்னொன்றும் இளைப்பது அரிதன்று.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவை நினைவுடையோர் இன்றும் நம்மிடையே உளர். அன்று ஒவ்வொருவரும் கையிலே கொண்டு சென்றவை காணி உறுதியும், பிறப்பத்தாட்சிப் பத்திரமும், இரண்டொரு உடுப்புமே. அலுமாரியிலே இருந்த நிழற்பட அல்பங்கள் அங்கேயே தங்கின. திரும்பி வந்தபோது பல வீடுகளிலே கூரையும் இல்லை. இன்று ஒரு வீட்டார் தம் பாட்டியின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாயின், இலண்டனிலோ பாரிசிலோ உள்ள உறவினரிடமே கேட்கவேண்டியிருக்கின்றது. முன்பு கடிதத்தோடு அனுப்பிய ஒரு படம் அங்கே தப்பியிருக்கும். என் பாடசாலையின் 1970ஆம் ஆண்டுகளின் விளையாட்டுப் போட்டிப் படங்கள் எனக்குக் கிடைத்ததும் அவ்வாறே.

2005ஆம் ஆண்டிலே தன்னார்வலர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் இவ்வழியிலேயே வளர்ந்தது. ஒருவர் வீட்டிலிருந்து ஒரு நூல், இன்னொருவர் வீட்டிலிருந்து ஒரு பழைய இதழ் என்று தேடிப் படியெடுத்து, இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை எவரும் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கின்றது. அங்கிருந்து ஒரு நூலை இறக்கி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு வாசகரும் தம்மை அறியாமலே ஒரு பிரதியைக் காக்கின்றனர்.

என் வீட்டிலே இப்போது இரண்டு தட்டுகள் கண்ணாடிப் படிவமாக இருக்கின்றன. மின்வெட்டைத் தாங்கும் சிறு மின்கலப் பெட்டியொன்றையும் வாங்கி இணைத்திருக்கின்றேன்; விலை சிறிது கடிது. மூன்றாவது பிரதி ஒரு தனித் தட்டிலே, மின்னிணைப்பு எதுவுமின்றி, வவுனியாவிலுள்ள என் தமக்கையார் வீட்டிலே இருக்கின்றது. ஆண்டுக்கு இரு முறை, தைப்பொங்கலுக்கும் ஆவணி விடுமுறைக்கும், அதனைக் கொண்டுவந்து புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகின்றேன். “உன்ரை பள்ளிக்கூடத்தை நான் சீலைப் பெட்டிக்கை வைச்சிருக்கிறன்” என்று தமக்கையார் சிரிப்பார். மேற்கு நாடுகளிலே நிழற்படக்காரர் சொல்லும் விதியும் இதுவே: மூன்று பிரதி, இரு வகை ஊடகம், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். இரண்டாவது நிபந்தனையை நான் இன்னும் முழுதாய் நிறைவேற்றவில்லை.

அந்த இளைஞர் இப்போதும் வருவார். சென்ற முறை வந்தபோது, தம் கடைக்கு வருவோரிடம் எந்த முறையிலே கோக்கவேண்டும் என்று முதலிலே கேட்டு எழுதிக்கொள்ளுவதாகச் சொன்னார். ஒலிப்பதிவிலே பேசிய மூன்றாமவர், கணிதம் படிப்பித்த என் ஆசிரியர், வயது எண்பத்தாறு. மறுபடியும் பேச ஒப்புக்கொண்டிருக்கின்றார். அடுத்த சனிக்கிழமை அவரிடம் போகின்றேன்.